கட்டுவிரியன் கடிக்கு நியோஸ்டிக்மின் ஏன் எடுபடுவதில்லை? பெர்னார்ட் காட்ஸ் ஆய்வை வைத்துப் பேசலாம்

குடமுருட்டி:
பிளஸ் ஒன் விலங்கியலில் நரம்புத்தசைச் சந்திப்பு நடத்தும்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் பாம்பில்தான் வந்து நிற்பார்கள். நல்ல பாம்பு கடித்தாலும் இமை தொங்குகிறது, கட்டுவிரியன் கடித்தாலும் இமை தொங்குகிறது. இரண்டுக்கும் போடுவது ஒரே விஷமுறிவு மருந்து. அப்புறம் எப்படி நல்ல பாம்புக் கடியில் நியோஸ்டிக்மின் ஊசிக்குப் பிறகு பலருக்குக் கண் திறக்கிறது, கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் அசைவே இல்லை? "இரண்டும் நரம்பு நஞ்சு" என்று சொல்லி நகர்ந்துவிட்டால் கேள்வி அப்படியே நிற்கிறது. காட்ஸ் தவளைத் தசையில் செய்த வேலையில் இதற்கு விடை இருக்கிறது. வகுப்பில் வைக்கிற மாதிரி, எண்களோடு யாராவது எழுதுங்கள். தவளையை அறுக்காமல் செய்துகாட்ட வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வெட்டாறு:
முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1911-இல் லைப்சிக்கில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில் யூதருக்கு அங்கே எதிர்காலம் இல்லை என்றானதும் 1935-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உடலியங்கியல் அறிஞர் ஏ.வி.ஹில்லிடம் போய்ச் சேர்ந்தார். 1939-இல் சிட்னி. அங்கே ஜான் எக்கிள்ஸ், ஸ்டீபன் குஃப்ளர், காட்ஸ் மூவரும் ஒரே கூடத்தில். போர்க்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையில் ரேடார் அதிகாரி. 1946-இல் லண்டன் திரும்பினார். 1970-இல் நோபல், ஃபான் ஆய்லர், ஆக்சல்ராட் ஆகியோருடன்.

இனி ஆய்வு. தவளையின் கால் தசையை நரம்போடு சேர்த்து எடுத்து ரிங்கர் என்னும் உப்புக் கரைசலில் வைப்பார்கள். முனை அரை மைக்ரானுக்கும் குறைவாக இழுத்த கண்ணாடிக் குழாயில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பித் தசை நாருக்குள் குத்துவார்கள். நார் ஓய்வில் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்கும்.

காட்ஸும் உடன் ஆய்வு செய்த ஃபாட்டும் நரம்பைத் தூண்டாமல் சும்மா வைத்திருந்தபோதே திரையில் அரை மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தன. சராசரியாக நொடிக்கு ஒன்று, ஆனால் ஒழுங்கே இல்லாமல். 1952-இல் விரிவாக எழுதினார்கள். எந்த மின்கருவியிலும் இரைச்சல் இருக்கும்தானே என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் செய்த சோதனைகளைப் பாருங்கள். அந்தக் கண்ணாடி முள்ளை நரம்பு வந்து சேரும் இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினால் மேடுகள் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் பொருள் அசிட்டைல்கோலின்; அது வந்து உட்காரும் ஏற்பியை அடைக்கும் நஞ்சான குராரே போட்டால் மேடுகள் சிறுக்கின்றன. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் ப்ராஸ்டிக்மின் போட்டால் உயரமும் நீளமும் கூடுகின்றன. கருவியின் இரைச்சலுக்கு குராரேவும் தெரியாது, ப்ராஸ்டிக்மினும் தெரியாது.

கவனியுங்கள், அந்த ப்ராஸ்டிக்மினின் இன்னொரு பெயர்தான் நியோஸ்டிக்மின். குடமுருட்டி சார் கேட்ட ஊசி 1952-லேயே இந்தக் கதைக்குள் வந்துவிட்டது.

பூண்டி_மாணவி:
ஒரு சந்தேகம் சார். ஒரு சின்ன மேடு என்பது ஒரே ஒரு அசிட்டைல்கோலின் மூலக்கூறு வந்து மோதியதாக ஏன் இருக்கக் கூடாது? ஒரு மேட்டுக்கு "பல ஆயிரம் மூலக்கூறு அடங்கிய பொட்டலம்" ஒன்று என்று காட்ஸ் பக்கத்தில் எதை வைத்துச் சொன்னார்கள்? நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ மூட்டையாகத்தான் கணக்காகும், அதுபோல என்று புரிந்துகொள்ளலாமா?

வெட்டாறு:
மூட்டை சரி. மேட்டின் உயரம் சற்று முன்பின் இருக்கும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மூலக்கூறு இல்லை என்பதற்கு வாதம் எளிது. குராரேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மேடுகள் படிப்படியாகச் சிறுக்கின்றன. ஒரே மூலக்கூறின் வேலையாக இருந்தால் ஏற்பி கிடைத்தால் முழு மேடு, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. பாதி மேடு என்பதே வரக் கூடாது. மேலும் அசிட்டைல்கோலினை வெளியிலிருந்து மிகக் குறைந்த அளவில் விட்டால் அரை மில்லிவோல்ட்டை விடச் சின்னதாக, வழவழப்பான ஏற்றம் கிடைக்கிறது.

எண்ணிக்கை பின்னால் வந்தது. காட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும் 1970-இல் அசிட்டைல்கோலின் ஊற்றிய தசையில் அந்த ஏற்றத்தின் மேலுள்ள நடுக்கத்தை அளந்து, ஏற்பியோடு சேர்ந்த ஓர் அயனி வாசல் திறந்தால் ஏறத்தாழ 0.3 மைக்ரோவோல்ட் என்று கணக்கிட்டார்கள். அரை மில்லிவோல்ட்டை அதால் வகுத்தால் ஒரு பொட்டலத்துக்கு 1,500 முதல் 2,000 வாசல்கள். ஒவ்வொன்றும் திறக்க இரண்டு மூலக்கூறு வேண்டும், வழியில் சிதைவதும் சிதறுவதும் தனி. குஃப்ளரும் யோஷிகாமியும் 1975-இல் நேரடியாக அளந்து, பொட்டலத்துக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு என்றார்கள். தனி வாசலின் மின்னோட்டத்தை 1976-இல் நேயரும் சாக்மனும் பிடித்தார்கள்.

முக்கியமான படி 1954, டெல் காஸ்டியோவும் காட்ஸும். கரைசலில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தை ஏற்றினார்கள். நரம்பைத் தூண்டினால் வரும் பெரிய அலை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் சின்ன மேட்டின் உயரத்துக்கே வந்தது. சில தூண்டலுக்கு 0, சிலவற்றுக்கு 1, சிலவற்றுக்கு 2 அல்லது 3 மேடு. சின்ன மேட்டின் உயரம் மட்டும் மாறவில்லை. அதாவது கால்சியமும் மக்னீசியமும் எத்தனை பொட்டலம் என்பதை மாற்றுகின்றன. குராரேவும் நியோஸ்டிக்மினும் ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிய மேடு எழுப்பும் என்பதை மாற்றுகின்றன. பாம்புக் கேள்விக்கு இந்த இரண்டு குமிழே போதும்.

மன்னை_மயக்கவியல்:
அந்த இடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு தசைப் பக்கத்து ஏற்பியில் போய் உட்கார்கிறது. குராரே செய்யும் அதே வேலை, ஆனால் பிடி பலம். பொட்டலம் வழக்கம்போல வருகிறது, மேடுதான் சிறுக்கிறது. நியோஸ்டிக்மின் கொடுத்தால் வந்த அசிட்டைல்கோலின் சிதையாமல் கூடுதல் நேரம் நிற்கும். நஞ்சு பிடிக்காமல் விட்ட ஏற்பிகளுக்கு அது திரும்பத் திரும்பக் கிடைக்கும். அதனால் மேடு உயர்ந்து, தசை சுருங்கத் தேவையான வரம்பைத் தாண்ட வாய்ப்பு உண்டு.

கட்டுவிரியனின் முக்கிய நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. பொட்டலங்கள் தீர்ந்து முனை அழிகிறது. வெளியே வராத அசிட்டைல்கோலினைக் காப்பாற்றி என்ன பயன்? விஷமுறிவு மருந்தும் ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும், அழிந்த முனையைக் கட்டித் தராது. புது முனை வளர நாள்கணக்கு, சில நேரம் வாரக்கணக்கு. அதுவரை வென்டிலேட்டர்தான் சிகிச்சை. "பத்து குப்பி ஏற்றியும் மூச்சு வரவில்லை, மருந்து போலி" என்று வீட்டார் சண்டைக்கு வருவது இதனால்தான். மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். தாமதமாக வந்ததுதான் கோளாறு.

இன்னொன்று: ஏன் இமை முதலில்? ஆரோக்கியமான சந்திப்பில் தேவைக்குப் பல மடங்கு அசிட்டைல்கோலின் வெளியாகிறது. முக்கால் பங்குக்கு மேல் ஏற்பிகள் அடைபட்டால்தான் தசை தோற்கத் தொடங்கும். கண் தசைகளில் இந்தக் கையிருப்பு குறைவு, உதரவிதானத்தில் அதிகம். இமை தொங்கும்போது மூச்சு சாதாரணமாக இருப்பதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தால், கையிருப்பு தீர்ந்ததும் சரிவு மளமளவென்று வரும். கட்டுவிரியனில் இன்னும் மோசம், கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ இராது. இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு என்று எழுந்தால் இமையைப் பாருங்கள்.

நியோஸ்டிக்மின் சோதனை முறை: முதலில் அட்ரோபின் 0.6 மில்லிகிராம் சிரையில், பிறகு நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராம் தசையில். அட்ரோபின் இல்லாமல் போட்டால் இதயத்துடிப்பு விழும், எச்சிலும் சளியும் பெருகும். போடுவதற்கு முன் மூன்றை அளந்து எழுத வேண்டும்: ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது, மேலே பார்த்த கண்ணை எத்தனை விநாடி நிறுத்த முடிகிறது, வாய் திறந்தால் மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் வரை மறுபடி அளவு. முன்னேற்றம் இருந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். "கொஞ்சம் தேவலை போலிருக்கு" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அளவு ஆகாது. இதெல்லாம் மருத்துவமனைக்குள் மட்டும்.

குடமுருட்டி:
அப்படியானால் எந்தப் பாம்பு என்று தெரியாமல் வந்தவருக்கு?

மன்னை_மயக்கவியல்:
விஷமுறிவு மருந்து நான்கு பாம்புக்கும் பொது, அதற்கு அடையாளம் வேண்டியதில்லை. நியோஸ்டிக்மினை ஒரே ஒரு தரம் சோதித்துப் பார்க்கலாம். கட்டுவிரியன் விஷத்திலும் ஏற்பியைப் பிடிக்கும் கூறு கொஞ்சம் உண்டு, அதனால் சிலரிடம் சின்னப் பலன் தெரியலாம். அதை நம்பி வென்டிலேட்டருக்கான மூச்சுக்குழாய் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

மேலே மக்னீசியம் வந்ததால் ஓர் இடைச்செருகல். பிரசவ வார்டில் பேறுகால வலிப்புக்கு (ஜன்னி) மக்னீசியம் சல்பேட் ஏற்றும்போது முழங்கால் தட்டிப் பார்ப்பது, மூச்சு எண்ணுவது, சிறுநீர் அளப்பது எதற்கு? அளவு மீறினால் 1954-இல் தவளைக்கு நடந்ததே தாய்க்கும் நடக்கும். பொட்டலம் வெளியாவது குறையும். மாற்று மருந்தும் அதே தர்க்கம்தான்: 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, மெதுவாகச் சிரையில். கட்டில் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

வெண்ணாறு_வேளாண்:
டெல்டாவில் இந்தச் சந்திப்பை அதிகம் குலைப்பது பாம்பை விடப் பூச்சிமருந்துதான் என்பதால் நானும் சேர்கிறேன். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் நியோஸ்டிக்மின் தடுக்கும் அதே நொதியைத்தான் தடுக்கின்றன. வித்தியாசம், நியோஸ்டிக்மின் சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஆர்கனோபாஸ்பேட் பிடி நாளாக ஆக இறுகிக் கழற்ற முடியாததாகிவிடும்.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மருந்தடித்துவிட்டு வரப்பில் விழுந்தவரை "ஏதோ கடித்துவிட்டது" என்று தூக்கி வருவார்கள். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கிறதா, வாயில் நுரை, சட்டை நனைய வியர்வை, கெண்டைக்காலில் தோலுக்கடியில் புழு ஊர்வது போன்ற துடிப்பு, உடையில் மருந்து நெடி, இவற்றைப் பார்க்க வேண்டும். அவருக்கு நியோஸ்டிக்மின் போட்டால் எரிகிற தீயில் எண்ணெய்.

மன்னை_மயக்கவியல்:
சரியாகச் சொன்னீர்கள். அங்கே அட்ரோபின் அளவும் வேறு. 1.8 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்து, நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கும் வரை. கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. அட்ரோபின் தசைச் சந்திப்பைத் தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நெஞ்சு தெளிந்தாலும் கழுத்தைத் தூக்க முடியாத தளர்ச்சி பிறகு வரலாம், அதற்கு மூச்சுக் காவல்தான்.

பூண்டி_மாணவி:
பூச்சிக்கும் அதே சந்திப்புதானா? தத்துப்பூச்சியின் தசையிலும் அசிட்டைல்கோலினா?

வெண்ணாறு_வேளாண்:
இல்லைம்மா, பலரும் தவறாக எழுதும் இடம் இது. பூச்சியின் நரம்புத்தசைச் சந்திப்பில் தூண்டும் பொருள் குளூட்டமேட். அசிட்டைல்கோலின் அதன் மைய நரம்பு மண்டலத்தில் வேலை செய்கிறது. ஆர்கனோபாஸ்பேட் அங்கே குழப்புகிறது. இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிமருந்து அங்குள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியைத் திறந்து விடுகிறது. தண்டுதுளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் போடும் கார்டாப் குருணை அந்த ஏற்பியை அடைக்கிறது. அது கடற்புழு ஒன்றின் நஞ்சை மாதிரியாக வைத்து உருவானது. பைரித்ராய்டு கதை வேறு, நரம்பிழையின் சோடியம் வாசலை மூடவிடாமல் பிடிக்கும். அந்த வாசலின் கணக்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி 1952-இல் கணவாயில் போட்டது. அதற்கு முந்தைய படியாக, துடிப்பின் உயரம் வெளியே உள்ள சோடியத்தைப் பொறுத்தது என்று 1949-இல் ஹாட்ஜ்கினோடு சேர்ந்து காட்டியவரும் இதே காட்ஸ்தான்.

வயலுக்கு இதனால் என்ன லாபம் என்றால், நெல்லில் புகையான் தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் எடுபடவில்லை என்று தயமீத்தாக்சாமுக்கு மாறுவது மாற்றமே ஆகாது. இரண்டும் அதே ஏற்பியில் அதே வேலை. கடைக்காரர் வேறு நிற டப்பா கொடுத்தால் வேறு மருந்து ஆகிவிடாது. பைரித்ராய்டு அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும், புகையான் இன்னும் பெருகும்.

வெட்டாறு:
ஆய்வுக்கூடத்தில் இந்தப் பதிவை உண்மையாகவே எடுக்கப் போகிறவர்களுக்கு, அனுமதி பெற்ற இடங்களுக்கு மட்டும், வழக்கமாகக் கெடும் இடங்கள்.

தவளை ரிங்கர் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 6.7 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.19 கிராம், கால்சியம் குளோரைடு 1.8 மில்லிமோலார். கடைசியில்தான் பிழை. நீரற்ற உப்பு என்றால் 0.20 கிராம், இரண்டு நீர் மூலக்கூறு உள்ள உப்பு என்றால் 0.265 கிராம். பாட்டிலைப் பார்க்காமல் நிறுத்தால் கால்சியம் முக்காலாகிவிடும். சாதாரணக் கரைசலில் கையிருப்பு அதிகம் என்பதால் தெரியாது. கால்சியம் குறைந்த, மக்னீசியம் ஏறிய கரைசலில் பொட்டலக் கணக்கு கால்சியத்தின் நாலாம் அடுக்கை ஒட்டி மாறும் என்று டாட்ஜும் ரஹமிமாஃபும் 1967-இல் காட்டினார்கள். முக்காலின் நாலாம் அடுக்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே. சராசரி 2.3 பொட்டலம் வர வேண்டிய இடத்தில் 0.7 வரும், பாதித் தூண்டலுக்குத் தசை பேசாது. நரம்பு செத்துவிட்டது என்று தசையைத் தூக்கி எறிவார்கள். இன்னொரு வழக்கம், எல்லா உப்பையும் ஒன்றாகக் கொட்டுவது. பாஸ்பேட்டோடு கால்சியம் சேர்ந்து பால்போல் கலங்கும். கால்சியத்தைத் தனியே கரைத்து, கலக்கிக்கொண்டே, கடைசியில் சேர்க்க வேண்டும்.

கண்ணாடி முள்: 3 மோலார் என்பது லிட்டருக்கு 223.7 கிராம், வடிகட்டித்தான் நிரப்ப வேண்டும். தடை 10 முதல் 20 மெகாஓம். ஐந்துக்குக் கீழே போனால் முனை உடைந்திருக்கிறது, நாரைக் கிழிக்கும். ஐம்பதைத் தாண்டினால் குமிழியோ தூசியோ. ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 90-இலிருந்து மைனஸ் 70-க்குச் சரிந்த நாரில் மேட்டின் உயரத்தை அளந்து பயனில்லை, அயனிகளை உள்ளே தள்ளும் உந்துவிசையே குறைந்துவிட்டது.

மின் இரைச்சலுக்கு எல்லா நிலத்தொடர்பும் ஒரே புள்ளியில். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்தால் சதுர அலை திரையை நிரப்பும். அந்த நேரப் பதிவை வெட்டிவிடுங்கள், அரை மில்லிவோல்ட்டை அதில் தேட முடியாது.

கோரையாறு_கணக்கு:
தவளையே இல்லாமல் வகுப்பில் செய்ய என் பங்கு. பாய்டும் மார்ட்டினும் 1956-இல் பூனைத் தசையில் எடுத்த எண்கள் வகுப்புக்கு அளவெடுத்துத் தைத்தவை. 198 தூண்டல், 18 தடவை ஒன்றும் வரவில்லை, சின்ன மேட்டின் சராசரி 0.4 மில்லிவோல்ட், தூண்டிய அலையின் சராசரி 0.933. வகுத்தால் 2.33 பொட்டலம். அரிய நிகழ்வு எத்தனை தடவை நடக்கும் என்று கணக்கிடும் பாய்சான் விதிப்படி ஒன்றுமே வராத தடவைகள் 19 இருக்க வேண்டும். வந்தது 18. தலைகீழாக, 198-ஐ 18-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 2.40. வேறு வேறு வழியில் போய் ஏறக்குறைய ஒரே எண்.

இப்போது 14 தாயக்கட்டை, ஆறுமுகம் உள்ளவை. ஒரு வீச்சு ஒரு தூண்டல், ஆறு விழுந்த கட்டை வெளியான பொட்டலம். சராசரி 14-ஐ ஆறால் வகுத்தால் அதே 2.33. குழுவாகப் பிரிந்து 198 வீச்சு போடச் சொல்லுங்கள். ஆறே விழாத வீச்சு 19 வராது, 15 பக்கம்தான் வரும். அதிலிருந்து மடக்கை வழியில் கணக்கிட்டால் 2.55 ஆகும். சராசரியின் வர்க்கத்தை மாறுபாட்டால் வகுக்கும் மூன்றாவது வழி 2.8 தரும். மூன்றும் ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் கட்டை மேல் பழி போடுவார்கள், விடுங்கள்.

காரணம், ஒரு கட்டைக்கு ஆறில் ஒன்று என்பது பெரிய வாய்ப்பு. பாய்சான் விதி செல்ல, இருப்பவை நிறையவும் ஒவ்வொன்றும் வெளியாகும் வாய்ப்பு மிகச் சிறிதாகவும் இருக்க வேண்டும். விரிதாளில் 100 பொட்டலம், வாய்ப்பு 0.0233 என்று ஈருறுப்புப் பரவலில் ஓட விடுங்கள். மூன்று வழியும் 2.33, 2.36, 2.39 என்று நெருங்கிவிடும். டெல் காஸ்டியோவும் காட்ஸும் மக்னீசியம் ஏற்றியதன் கணக்குப் பக்கம் இது: வாய்ப்பைச் சுருக்கினால்தான் பொட்டலத்தை எண்ண முடியும்.

குடமுருட்டி:
தாயக்கட்டையை எடுத்துக்கொள்கிறேன். கண்ணால் பார்க்க ஒரு நரம்பு வேண்டுமென்றால்? தவளை அறுப்பதை மானியக் குழு கல்லூரியிலேயே நிறுத்திவிட்டது, பள்ளியில் பேச்சே இல்லை.

நாகை_கரை:
மீன் சந்தையில் ஊசிக்கணவாய் வாங்குங்கள். ஓட்டுக்கணவாய் வேண்டாம், இதற்கு உதவாது. பனிக்கட்டியில் வைத்தது போதும், ஆனால் உறைந்து கல்லானது வேண்டாம், உருகினால் நரம்பு குழைந்துவிடும். நீர் பீய்ச்சும் குழல் இருக்கும் பக்கத்தை மேலே வைத்து, உடல் உறையை நடுக்கோட்டில் கத்தரியால் வால் வரை திறந்து விரியுங்கள். கத்தரி முனை மேல்நோக்கியே இருக்கட்டும், மைப்பை கிழிந்தால் அன்றைய வகுப்பு முடிந்தது. குடலையும் செவுளையும் ஒதுக்கினால் உறையின் உட்சுவரில், தலைப் பக்கத்து விளிம்புக்கு அருகில், நடுவில் ஓடும், கண்ணாடிபோன்ற ஈட்டி வடிவ உள்ளோட்டுக்கு இருபுறமும் நட்சத்திரம்போல ஒரு முடிச்சு தெரியும். அதிலிருந்து விசிறியாக நரம்புகள் கிளம்பும். வாலை நோக்கி, ஈட்டியை ஒட்டிப் போகும் கடைசி நரம்புதான் தடித்தது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அளந்த ராட்சத நரம்பிழை அதற்குள்தான்.

கறுப்புத் தாளை அடியில் வைத்து, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் நன்றாகத் தெரியும். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், நரம்பு ஊதி வெளுத்துவிடும். கடல்நீர் அல்லது லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைசல். செத்த கணவாயில் துடிப்பு எதுவும் கிடைக்காது, காட்சிக்கு மட்டும். காட்ஸும் மிலேடியும் கால்சியம் உள்ளே புகுவதுதான் பொட்டலத்தை அவிழ்க்கிறது என்று 1960-களில் பார்த்த ராட்சதச் சந்திப்பும் இந்த முடிச்சுக்குள்தான், அங்கே முள்ளை நரம்பு முனைக்குள்ளேயே குத்த முடிந்தது.

பூண்டி_மாணவி:
முடிச்சு இரண்டு பக்கமும் இருக்குமா அண்ணா, ஒரு பக்கம் கிழிந்தால் மறுபக்கம் எடுக்கலாமா?

நாகை_கரை:
எடுக்கலாம்மா, இரண்டு பக்கமும் உண்டு. முதல் பக்கத்தைக் கிழித்துப் பழகிக்கொள்ளுங்கள்.